ஆளை அறிந்து, வேலையை அறிந்து

(வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையில் புதிதாகப் பணியேற்ற அலுவலர்கள், பயிற்றுநர்கள் கூடிய அவையில் ஓய்வுபெற்ற வேலைவாய்ப்பு அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் ஒரு பகுதியினர் இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர்களாக வந்திருக்கிறீர்கள். மற்றவர்கள் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்றுநர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள். குரூப் 2 கலந்தாய்வில் இந்தப் பணியை முதல் விருப்பமாகக் கேட்டு வாங்கியவர்கள் இங்கே அதிகம் இருக்க வாய்ப்பில்லை. சார்பதிவாளர், துணை வணிகவரி அலுவலர் இடங்கள் தீர்ந்த பிறகு இருந்ததில் எடுத்திருப்பீர்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

வருவாய்த் துறையில் ஒரு கையெழுத்தில் பட்டா மாறும். பதிவுத் துறையில் ஒரு முத்திரையில் நிலம் கைமாறும். நம் கையெழுத்தால் யாருக்கும் வேலை கிடைத்துவிடாது. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒரு தங்கை காலையில் என்னிடம் கேட்டார்: “மேடம், இந்த வேலையில முப்பது வருஷம் இருந்தா மனசுக்கு நிறைவா இருக்குமா?”

இருக்கும் என்று சொன்னேன். எங்கே இருக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம். ஒரு வேலையை நேரில் பார்த்து அறிந்து, ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்து அறிந்து, இது இவருக்குப் பொருந்தும் என்று நாம் சொல்கிற அந்த இடத்தில் இருக்கிறது. அந்த அறிவு இல்லாமல் செய்தால் இதைவிடச் சோர்வான உத்தியோகம் அரசாங்கத்தில் கிடையாது.

இந்தத் துறை எதற்காகத் தொடங்கியது என்பதை மறந்துவிட்டோம், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1945 ஜூலை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாய். பட்டாளத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஊர் திரும்பப்போகிறார்கள். லாரி ஓட்டத் தெரிந்தவர், கம்பியில்லாத் தந்தி தெரிந்தவர், வெடிமருந்துக் கிடங்கில் கணக்கு எழுதியவர் என்று பல வகை. இவர்களை ஊர் வாழ்க்கையில் மறுபடி வேலையில் அமர்த்தவே இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கும் அவை பயன்பட்டன. 1948இல் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் 1 முதல் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த முதல் அலுவலர்களிடம் வந்து நின்றவருக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு வேலை தெரியும். அவருக்கு என்ன தெரியும், அது எந்த ஆலையில் எந்த இடத்தில் பயன்படும் என்று கண்டுபிடிப்பதுதான் அலுவலரின் பணியாக இருந்தது. தொழில்களைக் குறியீட்டு எண் கொடுத்து வகைப்படுத்தும் பெரிய நூல் ஒன்று ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது அந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

பிறகு 1959இல் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை நமக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவிக்கத்தான் சட்டம் சொன்னது. நாம் அனுப்பியவரை எடுத்தே தீரவேண்டும் என்று எந்தப் பிரிவிலும் சொல்லவில்லை. ஆனால் அரசு அலுவலகங்கள் பதிவு மூப்புப்படி நம்மிடம் பெயர்ப் பட்டியல் வாங்கி எடுத்த காலம் நீண்டது. அதனால் மக்கள் மனத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் அரசாங்க வேலைக்கான வரிசை என்று பதிந்துபோனது. பள்ளி முடிவு வந்த வாரத்தில் வாசலில் நிற்கும் கூட்டம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடுமே என்ற பதற்றம், அடையாள அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த வீடுகள் — இதெல்லாம் இரண்டு தலைமுறையின் அனுபவம்.

அந்தக் காலத்து அலுவலருக்கு ஊரில் மரியாதை உண்டு. நேர்முகக் கடிதம் நம் அலுவலகத்திலிருந்துதானே போகிறது! ஆனால் அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு இழப்பு நடந்தது. பதிவேட்டைப் பார்த்து, மூப்பைப் பார்த்து, இனச்சுழற்சியைப் பார்த்துப் பெயரை எடுக்க வேண்டியதுதான் வேலை என்றானபோது, எதிரில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எக்ஸ்-1 என்ற பதிவு அட்டையை நிரப்பத் தெரிந்தால் போதும்.

1996இல் ஆந்திரக் கலால் துறை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, நாளிதழ்களிலும் விளம்பரம் கொடுத்து விண்ணப்பிக்கும் எல்லோரையும் கருதவேண்டும் என்று சொன்னது. நியாயமான தீர்ப்பு. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் நம் துறையில் பலர் உடைந்துபோனார்கள். “இனி நமக்கு என்னம்மா இருக்கு? கதவைச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான்” என்று மூத்த அலுவலர்கள் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். பட்டியல் அனுப்பும் அதிகாரத்தில் நிறைவு கண்டவர்களுக்கு அதன் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை மனம் ஒட்டவேயில்லை. வேறு சிலர் அலுவலகத்தை விட்டு வெளியே போகத் தொடங்கினார்கள். பள்ளிகளுக்குப் போனார்கள், ஆலைகளுக்குப் போனார்கள், தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகத் தன்னார்வ பயிலும் வட்டம் நடத்தினார்கள். நான் கற்றதெல்லாம் இந்த இரண்டாவது வகையினரிடம்தான். இன்று நம் அலுவலகப் பலகையில் ‘தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்று எழுதியிருக்கிறதே, அதை எழுதுவதற்கு முன்பே செய்தவர்கள் அவர்கள்.

சரி, வேலையை அறிவது என்றால் என்ன?

புதுக்கோட்டைப் பக்கம் நான் இருந்தபோது ஒரு அம்மா தன் மகனைக் கூட்டி வந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் போய்விட்டது. அப்பா கொத்தனார். பையன் தலை நிமிரவில்லை. “ஏதாவது ஒரு வேலைக்கு எழுதிப்போடுங்கம்மா, வீட்டுல சும்மா படுத்துக் கெடக்குறான்” என்கிறார் அம்மா. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் அவனிடம் பேசுவதற்கு எதுவும் இல்லை. வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு அவன் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார்: தெருவில் யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்களாம்.

இந்த இடத்தில்தான் அலுவலருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். வயர்மேன் பிரிவுக்கும் வெல்டர் பிரிவுக்கும் எட்டாம் வகுப்பு போதும். வெல்டர் ஒரு வருடம், வயர்மேன் இரண்டு வருடம். மோட்டாரில் ஆர்வமுள்ள பையனுக்கு வயர்மேன் பொருந்தும். ஆனால் அதற்கு முன் அவனுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கம்பிக்குக் கம்பி நிறம் மாறுகிற தொழிலில் நிறக்குறைபாடு உயிர்ப் பிரச்சினை. மேசையிலிருந்த கோப்பு நாடாக்களைக் காட்டிக் கேட்டேன். சரியாகச் சொன்னான். அது ஆரம்பச் சோதனைதான், கண் மருத்துவரிடமும் காட்டச் சொன்னேன்.

அடுத்து, பத்தாம் வகுப்பைத் துணைத் தேர்வில் எழுதச் சொன்னேன். “ஐடிஐதான் சேரப்போறானே, அது எதுக்கும்மா?” என்றார் தாய். அந்தப் பக்கத்துப் பையன்களில் பலர் ஒருநாள் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போவார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் வேலைக்காகப் போவதென்றால் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைக் குறுக்கு வழியில் தாண்டிவிடலாம் என்று சொல்லும் முகவர்களிடம்தான் இந்தப் பிள்ளைகள் சிக்குகிறார்கள். சுற்றுலா விசாவில் போய், கடவுச்சீட்டு முதலாளி கையில் மாட்டிக்கொண்டு, அங்கேயே தவித்தவர்களின் குடும்பங்கள் என் முன்னால் வந்து அழுதிருக்கின்றன. 1978 முதல் தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது என்பது அந்தக் குடும்பங்களில் ஒன்றுக்குக்கூடத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் என்பது அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதில் ஒரு பாதுகாப்பு. இதைச் சொன்னவுடன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தான்.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முற்பகல் எனக்கு நிறைவான முற்பகல். அவனுக்கு என்ன வரும் என்பதும், எந்தப் பிரிவுக்கு என்ன தகுதி என்பதும், ஐந்து வருடம் கழித்து எந்த வாசலில் எந்தக் காகிதத்தைக் கேட்பார்கள் என்பதும் ஒரே நேரத்தில் என் கையில் இருந்தன. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது இதற்குத்தான் என்று தெளிவாகத் தெரிந்தது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்த அறிவு இன்னும் முக்கியம். இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 ஆண்டுக்கான தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ராமநாதபுரத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் போகிற பிள்ளைகள் அதில் அடக்கம். அவர்களின் தாய்மார்கள் சம்பளத்தை முதலில் கேட்பதில்லை. “ராத்திரி ஷிப்டு முடிஞ்சா வண்டி விடுதி வாசல் வரைக்கும் வருமா, ரோட்டுலயே எறக்கிவிட்டுருவாகளா? ஒரு ரூம்புக்கு எத்தனை பேரு? காய்ச்சல்னா யாரும்மா பாப்பாக?” என்றுதான் கேட்கிறார்கள். அந்த விடுதிக்குள் நாம் போயிருந்தால் மட்டுமே பதில் சொல்ல முடியும். நிறுவனத்தின் மனிதவள அலுவலர் தரும் வண்ணக் கையேட்டை வாசித்துக் காட்டுவது பதிலாகாது, அந்தத் தாய் அதை நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசின் சிப்காட் நிறுவனம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்களே, அது இந்தக் கேள்விகளின் கனத்தை அரசு உணர்ந்ததன் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். அதுபோல இன்னும் பல ஊர்களுக்கு வேண்டும்.

பயிற்றுநர்களே, உங்களிடம் வருகிறேன்.

மாநிலத்தில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரூ.2,877 கோடிக்கும் மேலான திட்டத்தில் மேம்படுத்தியிருக்கிறார்கள். ரோபோ, சிஎன்சி எந்திரங்கள், மின்வாகனப் பழுதுநீக்கம் என்று பட்டறையின் முகமே மாறியிருக்கிறது. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு முதலீட்டை இந்த நிலையங்கள் பார்த்ததில்லை. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. இருந்தாலும் பழைய ஃபிட்டர் பட்டறையின் முதல் பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வைஸில் இரும்புத் துண்டைப் பூட்டி அரத்தால் மட்டமாக ராவச் சொல்கிறோம். முதல் வாரம் கை வலிக்கும், கொப்புளம் வரும். ராவிய முகத்தில் டிரை ஸ்கொயர் என்னும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியும். மறுபடி ராவு. மறுபடி பார். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் அந்தப் பையன் செய்தது சரியா தவறா என்பதை இன்னொருவர் சிவப்பு மையில் எழுதிச் சொன்னார். இங்கே அவனே பார்த்துத் தெரிந்துகொள்கிறான். கீற்று மறைந்த அன்று அவன் உங்களைத் தேடி வந்து காட்டுவான். நான் பட்டறைகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தேறாதவன் என்று ஊர் முத்திரை குத்திய பிள்ளை, தன் கையால் ஒன்று சரியாக வந்ததைத் தன் கண்ணால் பார்க்கிறான். அந்த நேரத்தில் நீங்கள் நாற்காலியில் இருக்கக் கூடாது, பக்கத்தில் நிற்க வேண்டும். உங்களுடைய நிறைவைப் பற்றி யாராவது கேட்டால், அதைத் தேடி வேறெங்கும் போகவேண்டாம்.

பயிற்றுநர் தன் தொழிலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. திருச்சி துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் குழாய் வெல்டிங் செய்பவரின் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? குழாய் சாய்ந்து அசையாமல் இருக்கும், வெல்டர்தான் அதைச் சுற்றி உடம்பை வளைத்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு அதை ஊடுகதிர்ப் படம் எடுப்பார்கள். உள்ளே ஒரு சிறு காற்றுக்குமிழி இருந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். நம் நிலையத்தில் தட்டைத் தகட்டில் மட்டும் பழகியவன் அங்கே தேர்வில் நிற்க மாட்டான். இதைப் பயிற்றுநர் நேரில் கண்டால் அடுத்த நாளே பட்டறையில் பயிற்சி மாறும்.

இனி இலக்குகளைப் பற்றி. வேலைவாய்ப்பு முகாம் நடத்துவோம். இத்தனை நிறுவனங்கள் வந்தன, இத்தனை பேருக்குப் பணி ஆணை வழங்கப்பட்டது என்று மாலையில் அறிக்கை போகும். முகாம்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் ஒரு கிராமத்துப் பெண் இருபது நிறுவனங்களோடு பேச முடிவது பெரிய விஷயம். ஆனால் மேடையில் ஆணை வாங்கியவர்களில் எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த அறிக்கையில் வராது. அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அலைபேசி எண்கள் உங்களிடம் இருக்கின்றன. கூப்பிட்டுப் பேசுங்கள். “சம்பளம்னு சொன்னதுல சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பிடிச்சிட்டாங்க மேடம்”, “நின்னுக்கிட்டே எட்டு மணி நேரம், கால் வீங்கிடுச்சு” என்று சொல்வார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அடுத்த முகாமில் அந்த நிறுவனத்திடம் என்ன கேட்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மேலிடத்துக்கு எண்ணிக்கை போகட்டும். உங்கள் கையில் இந்த இரண்டாவது கணக்கு இருக்கட்டும். எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தவர்கள்தான் பத்தாவது வருடத்தில் களைத்துப்போனார்கள்.

பயிலும் வட்டத்துக்கு வருகிறவர்களிடம் உண்மையைப் பேசுவது இந்தப் பணியின் கடினமான பகுதி. 2022இல் குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். நம் உயிர்ப்பதிவேட்டிலும் அந்த ஆண்டுகளில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். படிக்கச் சொல்லித்தர வேண்டும், நன்றாகவே சொல்லித்தர வேண்டும். அதே வாயால், முப்பது வயதைத் தொடுகிற ஒருவரிடம், வேறு கதவையும் தட்டுங்கள் என்று சொல்லும் தைரியமும் வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அனுப்பிவிடக் கூடாது. எந்தக் கதவு, எந்தத் தெரு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதுவரை சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன அன்று ஒருவர் என் மேல் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறு வாரம் திரும்பி வந்து, கணினிக் கணக்குப் பயிற்சி எங்கே சேரலாம் என்று கேட்டார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவில் அமர்த்தப்படுபவர்கள் அதை ஒதுக்கிவைத்த இடமாக நினைக்காதீர்கள். நான் சொன்ன அறிவு முழுமையாகத் தேவைப்படும் இடம் அதுதான். காது கேளாத ஒருவருக்கு இரைச்சல் மிகுந்த பட்டறை பொருந்தும் என்று எளிதாக முடிவு செய்துவிடுவோம். அங்கே எச்சரிக்கை மணி அடித்தால் அவருக்கு எப்படித் தெரியும்? விளக்கு எரியுமா? ஒரு விளக்கைப் பொருத்தச் சொல்லி நிறுவனத்தைச் சம்மதிக்க வைப்பதும் வேலைவாய்ப்பு அலுவலரின் பணிதான்.

கடைசியாக, நீங்கள் பணியேற்றவுடன் செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் தொழில் பழகுநர் சட்டப்படி தன் ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட நிறுவனங்களின் பட்டியலை வாங்குங்கள். ஆய்வு என்று மிரட்டாமல், பழகுநர் இடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று சொல்லி உள்ளே போங்கள். மேலாளர் அறையில் தேநீரோடு உட்கார்ந்துவிடாதீர்கள். தளத்துக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். எந்திரத்தின் முன் நிற்பவர் எவ்வளவு உயரம் எட்ட வேண்டியிருக்கிறது, எதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், கழிப்பறை எத்தனை தூரம், இந்த வேலையிலிருந்து அடுத்த படி எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தின் பயிற்றுநர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வேலைவாய்ப்பு, பயிற்சி என்ற இரண்டு பிரிவுகளும் ஒரே துறைக்குள் இருந்தும் ஒன்றையொன்று பாராமலே இருந்துவிடுகின்றன. மே மாதத்தில் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளோடு வரத் தொடங்குவார்கள். தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கையும் அப்போதுதான் நடக்கும். அதற்கு முன் பார்த்து முடித்துவிடுங்கள்.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.